கூத்துக் கிராமத்துக்கு ஆலோசகர் தேவையா?

வணக்கம் நண்பரே. உங்கள் ஊர்த் தெருக்கூத்தை வைத்து மூன்று நாள் விழா எடுக்கலாம், விடிய விடிய நடக்கும் கூத்தை அரை மணி நேரமாக்கலாம் என்று ஆலோசகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பணம் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

மேற்கு வங்கத்தின் பிங்லா பக்கம் நயா என்றொரு கிராமம். அங்குள்ள சித்ரகார் குடும்பங்கள் படச்சுருளை மெல்ல விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக் கதையைப் பாடுவார்கள். சங்குப்பூவில் நீலம், மஞ்சள் கிழங்கில் மஞ்சள் நிறம் எடுத்து, அதில் வில்வப் பிசின் கலப்பார்கள். கொல்கத்தாவின் பங்களாநாடக் டாட் காம் அமைப்பு 2005 வாக்கில் இத்தகைய கலைஞர்களோடு வேலையைத் தொடங்கியது. முதலில் பயிற்சி, மூத்தவர்களிடம் இளையவர்கள் கற்பது. பட் மாயா என்ற அவர்கள் ஊர்த் திருவிழா 2010இல்தான் வந்தது. அதுவும் தனி மேடையில் அல்ல, அவர்கள் வீட்டு வாசலிலேயே. 2018இல் வங்காளப் படச்சித்திரம் எனப்படும் இந்தக் கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த வரிசைதான் முக்கியம். உங்கள் ஊரில் கூத்துக்கு ஊதும் குழல் கருவியான முகவீணை வாசிக்க அடுத்த தலைமுறையில் ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் முதல் பணம் அதற்குத்தான் போக வேண்டும். அப்புறம், வரும் தொகையில் வேடம் கட்டுபவருக்கு எவ்வளவு, ஆலோசகருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சுவார்த்தையில் கூத்து வாத்தியார் கட்டாயம் உட்கார வேண்டும். எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.