புதிதாக வைத்த கடல்நீர் மீன் தொட்டியில் மணல், கண்ணாடி எல்லாம் பழுப்பாகப் பாசி படிகிறது. எப்படிப் போக்குவது?

தொட்டி வைத்து ஓரிரு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் அது டயாட்டம்தான். கண்ணாடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்து நீரில் கலைந்துவிட்டால் அநேகமாக அதுவேதான்.

டயாட்டம் ஒற்றைச் செல் உயிர். சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். நீரிலும் புது மணலிலும் பாறையிலும் இருந்து வரும் சிலிக்கேட்தான் (கரைந்த சிலிக்கா) அதற்கு மூலப்பொருள். புதுத் தொட்டியில் போட்டிக்கு வேறு உயிர்களும் இல்லாததால் முதலில் இடம் பிடிப்பது இதுதான். சிலிக்கேட் தீர்ந்து, மற்ற நுண்ணுயிர்கள் பாறையில் வேரூன்றியதும் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அதுவரை கண்ணாடியைத் துடையுங்கள், நீர் மாற்றும்போது மணலின் மேற்பரப்பை மட்டும் உறிஞ்சி எடுங்கள். பாசிக்கொல்லி மருந்தெல்லாம் வேண்டவே வேண்டாம்.

மாதக்கணக்கில் போகவில்லையா? அப்போது நீரைச் சந்தேகப்படுங்கள். குழாய் நீரில் சிலிக்கேட் இருக்கும். ஆர்ஓ (நுண்சவ்வு வழியே நீரை வடிக்கும் கருவி) அதில் பெரும்பகுதியை நிறுத்தும், மிச்சத்தைப் பிடிப்பது அதன் பின் வரும் டிஐ ரெசின் (கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள்). ரெசின் தேயத் தொடங்கினால் முதலில் நழுவி வருபவற்றில் சிலிக்காவும் ஒன்று. வில்லங்கம் என்னவென்றால், நீரில் கரைந்திருப்பதைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் நீரின் மின்கடத்தலைத்தான் அளக்கிறது, சிலிக்கா அதில் அநேகமாகத் தெரியவே தெரியாது. மீட்டர் 0 காட்டும், தொட்டி பழுப்பாகவே இருக்கும்! ரெசினை மாற்றிப் பாருங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவதும் இப்படி ஆர்ஓ, டிஐ இரண்டிலும் வடித்த நீராக இருக்கட்டும். குழாய் நீரை ஊற்றினால் நீர்தான் ஆவியாகிறது, சிலிக்கேட் உள்ளேயே தங்கி ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகும்.

நத்தை விடலாம், ஆனால் கூட்டமாக வாங்கிப் போடாதீர்கள். பாசி தீர்ந்ததும் அவை பட்டினி கிடந்து சாகும், செத்தவை அம்மோனியாவை ஏற்றும். ட்ரோகஸ், செரித் நல்லவை. அஸ்ட்ரேயா மணலில் மல்லாந்தால் திரும்பப் புரளத் திணறும். நசாரியஸ் பாசியைத் தொடாது, மிச்ச இரைதான் அதற்கு வேண்டும், ஆனாலும் கடைக்காரர் அதையும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுப்பார்.

ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். பழுப்பு நிறம் சளி மாதிரி நூல்நூலாகத் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழ் கோத்திருந்தால், இரவில் குறைந்து விளக்கு போட்டபின் மறுபடி பெருகினால், அது டைனோவாக (டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு ஒற்றைச் செல் உயிர்) இருக்கலாம். நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகள் இரண்டும் 0 வரை இறங்கிய தொட்டியில் அது அடிக்கடி தலைகாட்டும். அங்கே நீரை மேலும் மேலும் மாற்றிச் சுத்தம் செய்தால் அதற்குக் கொண்டாட்டம்தான். நீர் மாற்றுவதை நிறுத்திவிட்டு, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அதனால் எதையும் தொடங்கும் முன் இந்த இரண்டையும் டெஸ்ட் கிட்டில் அளந்துவிடுங்கள். சாதாரண நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது: டயாட்டம் அசையாமல் கிடக்கும் அல்லது மெல்ல வழுக்கிப் போகும், டைனோ பெரும்பாலும் சுழன்று நீந்தும்.