சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது முதல் தலைமுறை டொயோட்டா 86. காரோடு வந்த 17×7 (17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்) வீல்களில் ஒன்று பள்ளத்தில் இறங்கி நெளிந்துவிட்டது. இதைச் சாக்காக வைத்து நான்கையும் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். தினமும் ஓட்டும் கார். வருடத்தில் இரண்டு மூன்று தடவை டிராக்குக்கும் கொண்டுபோவேன். மூன்று செட் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, பெயர் பெற்ற ஒரு ஃபோர்ஜ்டு (உருக்கி வார்க்காமல், அழுத்தி அடித்துச் செய்த) வீலின் அச்சு அசல் நகல்: 18×9.5, ஈடி22, புதுசு, மூன்றிலும் விலை குறைவு. இரண்டாவது, என்கே ஆர்பிஎஃப்1: 17×8, ஈடி45, பட்ஜெட்டைக் கொஞ்சம் மீறுகிறது. மூன்றாவது, 86-இன் அடுத்த தலைமுறையான ஜிஆர்86 வாங்கிய ஒருவர் கழற்றி வைத்திருக்கும் கம்பெனி வீல்: 18×7.5, ஈடி48, டயர் இல்லை. டயர்கள் போன மாதம்தான் மாற்றினேன். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் கேள்வியில் டயர் பற்றிய வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மூன்று செட்டையும் விற்பவரிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: வீலைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லோரும் அனுப்பும் படம் முன்பக்கம்தான். முன்பக்கம் அழகைச் சொல்லும். உங்கள் காரில் ஏறுமா, ஏறினால் தாங்குமா என்பதெல்லாம் பின்பக்கத்தில், ஸ்போக்குகளின் முதுகிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும், வார்த்த எழுத்தாக இருக்கும்.

நல்ல வீலில் அங்கே தயாரிப்பாளர் பெயர், அளவு, ஆஃப்செட், தயாரித்த தேதி, தாங்கும் எடை எல்லாம் இருக்கும். ஜேடபிள்யூஎல் என்ற முத்திரை ஜப்பான் அரசு அலாய் வீல்களுக்கு வகுத்த தரத்தைக் குறிக்கிறது. அந்தத் தரத்தை எட்டியதாகத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் விஐஏ முத்திரையும் இருந்தால், தனி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்தது என்று பொருள். ஆனால் வார்ப்பு அச்சில் சில எழுத்துகளைச் செதுக்குவது யாருக்கும் பெரிய காரியம் இல்லை. நகல் அடிப்பவர்கள் முத்திரையையும் சேர்த்தே நகல் அடிக்கிறார்கள். அதனால் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். பின்பக்கத்தில் இருக்கும் தயாரிப்பாளர் பெயரை வைத்துத் தேடிப் பாருங்கள். பெயரே இல்லாத வீல் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தாங்கும் எடையைச் சரிபார்ப்பது எளிது. டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கார் ஆவணங்களிலோ ஒவ்வொரு ஆக்ஸிலும் எவ்வளவு எடை தாங்கும் என்று இருக்கும். பெரிய எண்ணை எடுத்து இரண்டால் வகுங்கள். 900 கிலோ என்று இருந்தால் ஒரு வீலுக்கு 450. வீலில் அதற்கு மேல் தாராளமாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் காருக்கு. டொயோட்டா பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும் 86-இன் ஹப் (வீல் உட்காரும் நடுப்பகுதி) சுபாருவுடையது. இது தெரியாமல் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். பிசிடி 5×100, அதாவது ஐந்து ஸ்டட் (வீலைப் பிடிக்கும் மரையுள்ள தண்டு), அவற்றின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். பல ஜப்பானியக் கார்களில் இருக்கும் 5×114.3 இதில் ஏறாது. ஹப்பின் விட்டம் 56.1, மற்ற பல டொயோட்டாக்களில் 60.1. ஸ்டட் மரை எம்12×1.25, அதாவது 12 மில்லிமீட்டர் தடிமன், 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளி. டொயோட்டா நட் என்று கேட்டு வாங்கினால் 1.5 மரை கிடைக்கும். முதல் இரண்டு சுற்று ஏறுவது போல இருக்கும், அப்புறம் பிடிக்கும். அதையும் மீறி இம்பாக்ட் கன் வைத்து இறுக்கினால் ஸ்டட் மரை போய்விடும். நட்டை எப்போதும் கையால் ஆறேழு சுற்று ஏற்றிவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும்.

இப்போது ஆஃப்செட். ஈடி என்று எழுதியிருப்பது, வீல் ஹப்பில் உட்காரும் முகம் வீலின் நடுக்கோட்டில் இருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்ற கணக்கு. அந்த எண் குறையக் குறைய வீல் மட்கார்டை நோக்கி வெளியே வரும். அகலம் கூடினால் இரண்டு பக்கமும் வளரும். இரண்டும் சேர்ந்து என்ன ஆகும் என்பதைக் கற்பனையில் பிடிக்க முடியாது, ஒரு துண்டுக் காகிதம் போதும். அகலத்தை 25.4-ஆல் பெருக்கி, பாதியாக்கி, அதோடு ஈடியைக் கூட்டினால் உள்பக்கம். அந்தப் பாதியிலிருந்து ஈடியைக் கழித்தால் வெளிப்பக்கம்.

உங்கள் பழைய வீல் 17×7, ஈடி48. உள்ளே 136.9, வெளியே 40.9. இதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மூன்றையும் பாருங்கள். ஆர்பிஎஃப்1 உள்ளே 146.6, வெளியே 56.6. அதாவது சஸ்பென்ஷன் பக்கம் ஒரு சென்டிமீட்டர் நெருங்குகிறது, வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறது. இந்தக் காரில் பலரும் போட்டு ஓட்டும் அளவு இது. ஜிஆர்86 வீல் இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் சொச்சம்தான் வளர்கிறது. முதலாவதுக்கு வாருங்கள்: உள்ளே 142.7, வெளியே 98.7. பழைய வீல் நின்ற இடத்தில் இருந்து கிட்டத்தட்ட 58 மில்லிமீட்டர் வெளியே. உங்கள் கட்டைவிரலை மட்கார்டு ஓரத்தில் வைத்துப் பாருங்கள், அந்த நீளம். மட்கார்டை மடக்க வேண்டும், காம்பர் கொடுக்க (வீலின் மேல்பக்கத்தை உள்ளே சாய்க்க) வேண்டும், அப்படியும் பள்ளத்தில் இறங்கினால் உரசும். ஸ்டியரிங் கைக்கு முரண்டு பிடிக்கும், பேரிங் மேல் சுமை கூடும், சகதி முழுக்க கதவில் அடிக்கும். சட்டப்படி டயர் மட்கார்டை விட்டு வெளியே நீட்டக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. காரை நிறுத்தி வைத்துப் படம் எடுக்க அந்த அளவு பிரமாதமாக இருக்கும், ஓட்டுவதற்கு அல்ல.

சரி, கணக்கு ஒத்துவந்துவிட்டது, அவ்வளவுதானா என்றால் இல்லை. கணக்கு பார்க்காத ஒரு இடம் பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம். ஸ்போக் நேராக இறங்குகிறதா உள்ளே வளைந்து இறங்குகிறதா என்பதைப் பொறுத்து, ஒரே அளவுள்ள இரண்டு வீல்களில் ஒன்று காலிப்பரில் இடிக்கும், இன்னொன்று இடிக்காது. டயர் ஏற்றுவதற்கு முன்னால் வெறும் வீலை மாட்டிப் பார்க்க வேண்டும். நான் செய்வது இது: சிறுவர்கள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணில் சுண்டைக்காய் அளவு உருண்டைகள் பிடித்து, காலிப்பரின் வெளிமுகத்தில் மூன்று இடத்தில் ஒட்டிவிடுவேன். வீலை மாட்டி, நட்டைக் கையால் இறுக்கி, மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுவேன். கழற்றினால் களிமண் சப்பையாகி இருக்கும். நசுங்கிய இடத்தின் தடிமன்தான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி. மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எனக்குத் தூக்கம் வராது. வீலைப் பேலன்ஸ் செய்ய உள்ளே ஒட்டும் எடைத்துண்டு போன்றவற்றுக்கும் இடம் வேண்டும் அல்லவா?

ஹப் வளையம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நானே அடிபட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு செட் பழைய வீல் வாங்கி மாட்டினேன். ஊருக்குள் வெண்ணெய் மாதிரி ஓடியது. 90-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு தடவை பேலன்ஸ் செய்தேன், டயரைச் சந்தேகப்பட்டேன், அலைன்மென்ட்டுக்கும் பணம் அழுதேன். கடைசியில் வீலின் நடுத்துளையை அளந்தால் 73.1. பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று வெளித் தயாரிப்பாளர்கள் பெரிதாக விடும் துளை அது. விற்றவர் நடுவில் போடும் வளையத்தைக் கொடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. வளையம் இருந்தால் வீல் ஹப்பின் நடுவில் தானாக உட்காரும். இல்லாவிட்டால் நட்டுகள் எப்படி இறுகுகிறதோ அப்படி ஒரு மயிரிழை தள்ளி உட்காரும். உங்களுக்கு வேண்டியது, வெளிவிட்டம் அந்த வீலின் துளைக்கும் உள்விட்டம் 56.1-க்கும் பொருந்தும் வளையம். டிராக்குக்குப் போகிறவர் என்பதால் அலுமினியத்திலேயே வாங்குங்கள். பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் வளையம் இளகிவிடும். ஜிஆர்86 வீலுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதே ஹப், அதே துளை.

நட்டின் அடிப்பக்க வடிவத்தையும் பார்க்க வேண்டும். வெளி வீல்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு நட் கேட்கும். வீலின் துளையும் நட்டின் அடியும் ஒரே வடிவம் இல்லை என்றால் எவ்வளவு இறுக்கினாலும் தளரும்.

எடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நானும் பேசித்தான் ஆக வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை என்பதால் வீல் கனத்தால் டயர் சாலை மேடு பள்ளத்தைப் பின்தொடரத் திணறும். சுற்றுகிற எடை என்பதால் வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் உறுத்தும். ஆர்பிஎஃப்1 இந்த அளவில் ஏறக்குறைய 7 கிலோ. அது ஃபோர்ஜ்டு இல்லை, வார்ப்பு வீல்தான். ஆனால் வார்த்த பிறகு ரிம் பகுதியைச் சூடாக்கி, சுழலவிட்டு, உருளைகளால் அழுத்தி இழுத்து மெல்லியதாக்குகிறார்கள். ஃப்ளோ ஃபார்மிங் என்று சொல்வது இதைத்தான். குறைந்த பட்ஜெட்டில் கிடைப்பதில் எனக்குப் பிடித்த வழி இது: ஃபோர்ஜிங் விலை இல்லை, சாதா வார்ப்பின் கனமும் இல்லை. உங்கள் முதல் செட் போன்ற மலிவு நகல்களில் ஒரு வீல் பத்து கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஃபோர்ஜிங்கில் மெலிதாக நிற்கும் ஸ்போக்கை வார்ப்பில் கொண்டுவர இரண்டே வழி: தடிமனைக் கூட்டுவது, அல்லது அப்படியே வார்த்து விதியின் மேல் பாரத்தைப் போடுவது. இரண்டாவது வழியில் போனவற்றை டிராக் ஓரத்தில் விரிசலோடு பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த டயர் வரிக்கு வருகிறேன். போன மாதம் போட்ட டயர் 215/45 ஆர்17 என்று எடுத்துக்கொள்கிறேன். 18 அங்குல வீல் எதை எடுத்தாலும் அந்த நான்கும் வீண். ஜிஆர்86 வீலுக்கு 215/40 ஆர்18 வேண்டும். மொத்த உயரம் 625-இல் இருந்து 629 மில்லிமீட்டர் ஆகும், அதில் குறை இல்லை. ஆனால் நான்கு டயருக்குப் புதிதாகப் பணம். 9.5 அகலத்துக்கு 255 போல அகலமான டயர், அது இன்னும் விலை. ஆர்பிஎஃப்1-இன் 8 அங்குல அகலத்தில் உங்கள் 215 டயர் அப்படியே உட்காரும். அந்த டயருக்கு அனுமதித்த அகலம் 7 முதல் 8 வரை. ஆக, பட்ஜெட்டை மீறுவதாக நீங்கள் நினைக்கிற செட்தான் டயரோடு கூட்டிப் பார்த்தால் மலிவு. அடுத்த முறை டயர் மாற்றும்போது 225/45-க்குப் போகலாம். பக்கச்சுவர் உயரம் குறையாததால், பழைய வீலை நெளித்த அந்தப் பள்ளத்திலும் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

என் ஓட்டு ஆர்பிஎஃப்1-க்கு. ஜிஆர்86 செட்டின் சொந்தக்காரர் நல்ல டயரோடு சேர்த்துத் தருவதாக இருந்தால் மறுபடி யோசிப்பேன். கம்பெனி வீலைப் போல முரடாகச் சோதித்த வீல் இந்த விலையில் வேறு கிடைக்காது.

எந்தச் செட்டைப் பழையதாக வாங்கினாலும் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிரேக் தூசி படிந்த உள்பக்கத்தில்தான் விரிசல் ஒளிந்திருக்கும், பெரும்பாலும் உள் விளிம்பில் இருந்து தொடங்கும். நகத்தை மெதுவாக ஓட்டினால் தடுக்கும். பற்றவைத்த தழும்பு இருந்தால் வேண்டாம். புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளக்கிறது என்றால் எதை மூடினீர்கள் என்று கேளுங்கள். பவுடர் கோட்டிங் அடுப்பில் அதிகச் சூட்டில் நேரம் போனால் அலுமினியத்தின் வலு குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். பேலன்ஸ் மெஷினில் டயர் இல்லாமல் ஒரு சுற்று விட்டால் நெளிசல் கண்ணுக்கே தெரியும்.

மாட்டியதும் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) நட்சத்திர வரிசையில் இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பழைய வீல்களில் நெளியாத மூன்றையும் விற்றுவிடாதீர்கள். நெளிந்ததற்குப் பதிலாக ஒன்று தேடிப் போட்டால் மழைக்கால டயருக்கு ஒரு செட் தயார்.