வாசகர் கேள்வி: வயலில் கிடந்தது அனகொண்டாவா?

கேள்வி: வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு எங்கள் வயல் வரம்பில் பத்தடிப் பாம்பொன்று சுருண்டு கிடந்தது. வயதானவர்கள் வெங்கிணாந்தி என்றார்கள். இளைஞர்கள் அனகொண்டா என்று அடித்துச் சொன்னார்கள். மலையே இல்லாத ஊருக்கு மலைப்பாம்பு எப்படி வரும்?
— வாசகர் ஒருவர், படுவான்கரை, மட்டக்களப்பு

பதில்: வயதானவர்கள் சொன்னதே சரி. ஏட்டில் மலைப்பாம்பு என்றும் சிங்களத்தில் பிம்புரா என்றும் வழங்கும் வெங்கிணாந்தி, பாகிஸ்தான், இந்தியா, நேபாளம் தொடங்கி இலங்கை வரை பரந்து வாழும் பாம்பாகும். பெயரில் மலை இருந்தாலும், வற்றாத நீரும், அதையொட்டிய பற்றைக்காடும், ஒளிந்திருக்க ஒரு முள்ளம்பன்றி வளையோ புற்றோ மரப்பொந்தோ கிடைத்தால் அதற்குப் போதும். உன்னிச்சைக் குளத்தின் கரைக்காடுகளும் அம்பாறையின் லகுகல, கல்லோயாப் பக்கங்களும் அதற்கு ஏற்ற நிலங்களே. மாரி வெள்ளத்தில் வளைகள் நிரம்பும்போது மேட்டுநிலத்துக்கும், எலியைத் தேடி வயலுக்கும் அது வந்து சேர்கிறது.

அனகொண்டாவின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசன், ஒரினோக்கோ ஆற்றுப் படுகைகள். அது குட்டி ஈனும். வெங்கிணாந்தியோ முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிப் படுத்து, தன் தசைகளை நடுக்கி வெப்பமூட்டி, ஏறத்தாழ இரண்டு மாதம் அடைகாக்கும். பாம்பினத்தில் இப்படியொரு தாயைக் காண்பது அரிது.

ஆயினும் அனகொண்டா என்ற பெயர் இலங்கையிலிருந்து போனதே. 1693இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜோன் ரே வெளியிட்ட பாம்புப் பட்டியலில், எருமைகளையும் நுகம் பூட்டும் மாடுகளையும் நெரிக்கும் இலங்கைப் பாம்பாகவே அது இடம்பெற்றது. 1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகையொன்று, இலங்கையில் அது வரிப்புலியை நெரித்து விழுங்கியதாக ஒரு கதையை வெளியிட்டது. நமது காடுகளில் சிறுத்தை உண்டு, வரிப்புலி இல்லை என்பதொன்றே அக்கதையின் தரத்தைக் காட்டும். பிற்காலத்தில் ஐரோப்பிய விலங்கியலாளர்கள் அப்பெயரை அமெரிக்கப் பாம்புக்குச் சூட்டிவிட்டார்கள். அப்பெயரின் வேர் தமிழின் ‘ஆனைகொன்றான்’ என்றார், ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி தொகுத்த ஹென்றி யூல். மெலிந்த கொடிப்பாம்பொன்றைக் குறிக்கும் சிங்களச் சொல்லான ‘ஹெனகந்தயா’ என்பர் வேறு சிலர். பெரும் பாம்பின் பெயராகவே தொடக்கம் முதல் எழுதப்பட்டிருப்பதால், என் மனம் முதற்கருத்தையே நாடுகிறது.

கேள்வி: வெங்கிணாந்தியை அடித்துக் கொல்வது குற்றமா?
— வாசகர் ஒருவர், பொத்துவில்

பதில்: குற்றமே. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. அதற்கு நஞ்சு கிடையாது. ஆனால் சீண்டினால் பின்வளைந்த பற்களால் ஆழக் கடிக்கும். கோழிக்கூட்டுக்குள் புகுந்திருந்தாலும் சிறுவர்களை விலக்கிவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பிடித்துக் காட்டில் விடுவது அவர்கள் பொறுப்பு.