எந்த ஆப் போடலாம், டீச்சர்?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. போனில் வரும் தமிழ் எழுத்துப் பாட்டு எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் புத்தகத்தில் 'ப' எது என்று கேட்டால் விழிக்கிறான். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். பாடம் சொல்லித்தரும் ஆப் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா? – வாசகி, பல்லடம்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்துக்குப் படப் புத்தகம் வாங்குங்கள்.

பாட்டு தெரிந்து எழுத்து தெரியாமல் இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ராகம் தானாக நாக்கில் ஏறிவிடும். எழுத்து கண்ணுக்குப் பழக வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். 2003இல் அமெரிக்காவில் பெட்ரீஷியா குல் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்தது. ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருடன் சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசினார்கள். தடவைக்கு 25 நிமிடம் வீதம் 12 தடவை. வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சை டிவியில் போட்டுக் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். டிவி பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. உங்கள் மகன் வளர்ந்தவன், திரையைப் பார்த்தும் கொஞ்சம் கற்றுக்கொள்வான். ஆனால் அவன் தப்பாகச் சொன்னாலும் அந்தப் பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

உங்கள் வீட்டில் பதில் சொல்லும் திரை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: அப்பாவின் வீடியோ கால். 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்பதோடு அதை முடித்துவிடாதீர்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும். ஒன்றைப் பிரிண்ட் எடுத்து மகன் கையில் கொடுங்கள். அப்பா அதே கதையை அங்கிருந்து படிக்கட்டும். நடுவில் நிறுத்தி, "பூனை எங்கடா ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரியின்மேல் விரலை நகர்த்தினால் போதும்.

அப்புறம், போன் கேமராவை அவனிடம் கொடுங்கள். கடைத்தெருவுக்குப் போகும்போது 'ப' எங்கே கண்ணில் பட்டாலும் படம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெயரே 'ப'வில் தொடங்குகிறது, பஸ் பலகை முழுக்க அதுதான். பால் கடை, பழக்கடை, பாத்திரக்கடை எதுவும் தப்பாது. பேக்கரி வாசலில் 'பே'யைப் பார்த்துக் கொஞ்சம் குழம்புவான், குழம்பட்டும். ராத்திரி அந்தப் படங்களை அப்பாவுக்கு அனுப்பி அவனையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

யூடியூபில் அடுத்தடுத்து தானாக ஓடும் ஆட்டோபிளேயை இன்றே அணைத்துவிடுங்கள். இந்த வயதுக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அப்பாவோடு பேசுவதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கேள்வி: பேத்தியின் பாடப் புத்தகத்தில் கறுப்புக் கட்டங்களாக ஒரு குறி இருக்கிறதே, அது எதற்கு? – ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: கியூஆர் கோடு, ஐயா. 2018இல் புதுப் பாடநூல்கள் வந்தபோது சேர்த்தார்கள். போனில் தீக்ஷா ஆப்பைப் போட்டு அந்தக் குறியைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். முதலில் பேத்தி பாடத்தைப் படித்துவிடட்டும், வீடியோ பிறகு. பாதியில் நிறுத்தி, "இப்ப என்ன சொன்னாங்க, எனக்குச் சரியா காது கேக்கலையே" என்று கேளுங்கள். உங்கள் வயதுக்கு அது எடுபடும்.

கேள்வி: டேப்லெட்டில் விரலால் எழுதிப் பழகினால் கையெழுத்து வருமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: எழுத்தின் வடிவம் பிடிபடும், பென்சில் பிடிக்கும் பலம் வராது. சிலேட்டும் பல்பமும் வாங்கிக் கொடுங்கள். சப்பாத்தி போடும் நாளில் மாவில் ஓர் உருண்டையும்.