பறவை எச்சம் மாதிரியே இருக்கும் அந்துப்பூச்சி உண்மையிலேயே உண்டா?

உண்டு. எங்கள் வீட்டு வேலியிலேயே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். கொல்லை வேலியில் காட்டுத் திராட்சைக் கொடி தானாகப் படர்ந்து கிடக்கிறது. ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை, இலை மேல் வெள்ளையும் பழுப்புமாக எச்சம் ஒன்று கிடந்தது. நான் பார்த்துவிட்டுக் கடந்து போனேன். மகள்தான் குனிந்து உற்றுப் பார்த்து, "அப்பா, இதுக்குக் கால் இருக்குப்பா!" என்றாள்.

இருந்தது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி வைத்திருந்தது. பஞ்சைச் சுற்றிவிட்டது போல அவற்றில் அடர்த்தியான வெள்ளை முடி. சிறகுகளைக் கூரை போலச் சரித்து மடித்திருந்தது. சிறகின் நடுப்பகுதி பால்வெள்ளை. மேல் விளிம்பில் செம்பழுப்புப் பட்டை, கடைசி ஓரத்திலும் அதே நிறம். அதன் உட்பக்கத்தை ஒட்டிப் பாசிப்பச்சையில் மெல்லிய கோடு. மெல்லத் தொட்டதும் சிறகை விரித்தது. உள்ளே ஒளிந்திருந்த பின்சிறகு பழுத்த மாம்பழ மஞ்சள்! அதைப் பார்த்த பிறகு எச்சம் என்று சொல்ல வாய் வராது.

யூட்ரியாஸ் கிராட்டா என்பது இதன் அறிவியல் பெயர். 1793-இல் டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபப்ரீசியஸ் இதை விவரித்தார். கிராட்டா என்றால் லத்தீனில் மனதுக்கு இனியது. ஆங்கிலத்திலும் 'அழகிய வனதேவதை' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். கிழக்கு வட அமெரிக்காவில் பரவலாக உண்டு. சிறகை விரித்தால் மூன்றரை முதல் நான்கரை சென்டிமீட்டர்தான்.

நிறம் மட்டும் இருந்தால் இந்த வேஷம் பலிக்காது என்பது என் எண்ணம். அந்துப்பூச்சிகளில் பல, பகலில் மரப்பட்டையிலோ இலைக்கு அடியிலோ பதுங்கும். இதுவோ இலையின் மேற்புறத்தில், பட்டப்பகலில், எச்சம் விழக்கூடிய இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும். பூச்சி தேடும் பறவைக்கு எச்சத்தில் என்ன வேலை?

இதற்கு நெருங்கிய உறவான யூட்ரியாஸ் யூனியோவும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அது இன்னும் சிறியது. சிறகோரப் பட்டையின் உட்கோடு அதில் அலை அலையாக வளையும், இதில் நேராக ஓடும். படம் எடுத்தால் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

கிராட்டாவின் புழுவுக்குத் திராட்சை இலையும் வர்ஜீனியா கிரீப்பர் கொடியின் இலையும் உணவு. ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை வளையங்களோடு பளிச்சென்று இருக்கும். குளிர்காலத்தை மண்ணுக்குள்ளோ நைந்த மரக்கட்டைக்குள்ளோ கூட்டுப்புழுவாகக் கழிக்கும். அதனால் வேலியோரம் கிடக்கும் உளுத்த கட்டையை அப்புறப்படுத்த வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.