தலை சரிந்து சுற்றி விழுகிற காவல் நாய்: பாரிசவாதமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் எங்கள் கச்சான் தோட்டத்துக்கு 12 வருசமாகக் காவல் நிற்கிற நாய். நேற்று விடிய எழும்பும்போதே தலை ஒரு பக்கம் சரிந்து, அந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி விழுகிறது. இரண்டு தரம் சத்தி எடுத்தது. பாரிசவாதம், இனித் தேறாது என்கிறார்கள். அம்மா போடுகிற அஸ்பிரினில் பாதி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணை. மூளையில் இரத்தம் அடைத்ததா கசிந்ததா என்று ஸ்கான் எடுக்காமல் ஒருவராலும் சொல்ல ஏலாது. கசிந்திருந்தால் அந்தப் பாதிக் குளிசையே அதைக் கூட்டிவிடும். எங்களுக்குக் கொடுக்கிற நோக் குளிசை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

முதலில், விசர்நாய்த் தடுப்பூசி ஒழுங்காகப் போட்டதா? போடவில்லையென்றால், அல்லது தாடை தொங்கி வீணீர் வடிந்து குரல் மாறியிருந்தால், வாய்க்குள் கை வைக்கவே கூடாது. கட்டிவைத்துவிட்டு உடனே கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். உடம்பு நடுங்கி, நுரை தள்ளி, கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருந்தால் பூச்சிமருந்து பட்டிருக்கலாம், அதற்கும் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. பாம்புக்கடியையும் மறக்கவேண்டாம், கச்சான் காணி என்றபடியால்.

இவை எதுவும் இல்லையென்றால், எனக்கு உள்காதுச் சமநிலைக் கோளாறில்தான் கூடுதல் சந்தேகம். வயது போன நாய்களுக்கு இது இப்படித்தான் ஒரே இரவில் வரும், பார்க்கிறவர்கள் பாரிசவாதம் என்றே நினைப்பார்கள். கிட்டப் போய்க் கண்ணைப் பாருங்கள், கருமணி பக்கவாட்டில் வெட்டி வெட்டி ஓடும். அப்புறம் நாயைப் பிடித்து நிறுத்தி, ஒரு பாதத்தை மடித்து அதன் மேற்புறம் நிலத்தில் படும்படி வையுங்கள். சட்டென்று நிமிர்த்தி வைத்தால் நல்ல அறிகுறி. மடிந்தபடியே விட்டுவிட்டால், கருமணி மேலும் கீழுமாக ஓடினால், கூப்பிட்டும் உணர்வில்லாமல் கிடந்தால், கோளாறு மூளையில் இருக்க இடமுண்டு. எப்படியானாலும் வைத்தியரிடம் காட்டுங்கள், காதையும் பார்க்கச் சொல்லுங்கள். காதுச் சீழும் தலையைச் சரிக்கும். சிறுநீரக வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதிப்பதும் நல்லது.

இனி வீட்டில். கிணற்றுக்குக் கட்டில்லையென்றால் இன்றைக்கே மறைப்புப் போடுங்கள், தலை சுற்றுகிற நாய் நேரே அதற்குள் போகும். வெளிச்சம் குறைந்த மூலையில், வைக்கோல் பரப்பி மேலே சாக்கு விரித்துக் கிடத்துங்கள். தானாகப் புரள முடியாவிட்டால் 3, 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இடுப்பெலும்பில் புண் வந்து இலையான் புழு வைத்துவிடும். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் நெஞ்சு நிலத்தில் படக் குந்தவைத்துத்தான், குழைந்த சோறும் அவித்த மீனுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, முள்ளை எடுத்துவிட்டு. அண்ணாக்கப் பிடித்து வாயில் ஊற்றினால் சுவாசப்பைக்குள் போய்விடும். நடக்க வைக்கும்போது பழைய சாரத்தை வயிற்றுக்குக் கீழால் போட்டுத் தூக்கிப் பிடியுங்கள். சலம் போகிறதா என்று தினமும் கவனியுங்கள், அரை நாள் போகாவிட்டால் வைத்தியரிடம்.

பாரிசவாதமோ காதோ, முதல் 3 நாளில் கொஞ்சமாவது தெளிவு தெரிய வேண்டும். நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனால் அது வேறு நோய், திரும்பவும் காட்டுங்கள். காதுக் கோளாறென்றால் பெரும்பாலும் 2, 3 கிழமையில் நன்றாக நடக்கும். தலை கொஞ்சம் சரிந்தபடியே நின்றுவிடலாம், குரைக்க அது இடைஞ்சலில்லை. அதுவரைக்கும் இரவில் தோட்டத்தில் கட்டாதீர்கள், பன்றி வந்தால் அதனால் விலகி ஓட முடியாது.