ட்ரம்பெட்டில் ஒடுக்கு: தட்டலாமா, தள்ளலாமா?

கேள்வி: கல்யாண ஊர்வலத்தில் ட்ரம்பெட் கீழே விழுந்து, டியூனிங் ஸ்லைடின் (சுருதி சேர்க்க இழுக்கும் U வடிவக் குழாய்) வளைவில் பட்டாணி அளவு ஒடுக்கு விழுந்துவிட்டது. பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுப்பவரிடம் கொடுக்கலாமா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். அவர் கைத்திறனில் குறையில்லை. ஆனால் குடத்துக்குள் கை போகும், ஸ்லைடுக்குள் போகாது. குழாயின் தகடோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். உள்ளே தாங்கல் இல்லாமல் தட்டினால் குழி இன்னும் அமுங்கும். இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் தகடு மெலிந்து விரிந்து, பக்கத்தில் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பை எடுப்பது ஒடுக்கை எடுப்பதைவிடக் கஷ்டம்.

ஒடுக்கை உள்ளிருந்துதான் தள்ள வேண்டும். வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் அளவு வாரியாக எஃகுக் குண்டுகள் இருக்கும். முதலில் ஸ்லைடைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் உள்ளழுக்குப் போகக் கழுவுவார். பிறகு, ஒடுக்குக்கு அடியில் சற்றே இறுக்கமாக நுழையும் குண்டு ஒன்றை எண்ணெய் தடவிப் போடுவார். பின்னால் அதைவிடச் சிறிய குண்டுகளைப் போட்டுக் குலுக்கினால், அவை மோதி முதல் குண்டை ஒடுக்குக்குள் தள்ளும். மறுபக்கத்திலிருந்து குலுக்கினால் அது திரும்பி வந்துவிடும். பிறகு கால் மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ பெரிதான அடுத்த குண்டு. பல ட்ரம்பெட்டுகளின் உள்விட்டம் 0.459 அங்குலம், அதாவது சுமார் 11.66 மி.மீ. அதையொட்டிய குண்டு தடையின்றிப் போய்வந்தால் வேலை முடிந்தது.

ஒடுக்கை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குழியைச் சுற்றி வயல் வரப்பு மாதிரி மெல்லிய மேடு தெரியும். குண்டு அடியில் இருக்கும்போது தோல் சுத்தியலால் அந்த வரப்பில்தான் மெதுவாகத் தட்ட வேண்டும். வரப்பு இறங்க இறங்கக் குழி எழும்பும்.

அவசரம்தான் இந்த வேலைக்கு எதிரி. இரண்டு அளவு தாண்டிப் பெரிய குண்டைத் திணித்தால் அது சிக்கிக்கொள்ளும். அடித்து எடுக்கப்போனால் ஸ்லைடின் இரு கால்களும் அகன்று, திரும்பப் பொருந்தாது. வேலை முடிந்து வாங்கும்போது ஸ்லைடு வழுக்கிக்கொண்டு போகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மவுத்பீஸ் இறுகிவிட்டது. கட்டிங் பிளேயரால் திருகலாமா?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: கூடவே கூடாது. திருகும் விசை முழுவதும், மவுத்பீஸ் செருகும் குழாயான லீட்பைப்பில் இறங்கி அதை முறுக்கிவிடும்; தாங்கு கம்பிகளின் ஈயப்பற்றும் விட்டுப்போகும். இதற்கென்றே மவுத்பீஸ் புல்லர் இருக்கிறது. இருபக்கத் திருகாணிகளையும் மாற்றி மாற்றிச் சம அளவில் முடுக்கினால் மவுத்பீஸ் நேராக வெளியே வரும். கையில் இல்லையென்றால் வாத்தியக் கடைக்கு எடுத்துப் போங்கள். மவுத்பீஸ் தண்டின் நுனி நசுங்கியிருந்தாலும் இப்படி இறுகும். அதைக் கூம்புக் கம்பியில் கோத்து வட்டமாக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லீட்பைப்பில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். பாலிஷ் போட்டும் போகவில்லை.
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: பச்சையாக இருந்தால் வெறும் களிம்பு, துடைத்தால் போகும். சிவப்பு என்றால் பெரும்பாலும் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். வாயீரம் தங்குவதால் அரிப்பு உள்ளிருந்து வெளியே வருகிறது. அந்த இடம் பொரபொரத்திருக்கும். அங்கே ஒடுக்கு எடுக்கவே கூடாது, குண்டு பட்டதும் விரிசல் விடும். புள்ளிகள் பரவியிருந்தால் லீட்பைப்பையே மாற்றுங்கள். புதிதாகப் போட்ட பிறகு, வாசித்து முடித்ததும் தண்ணீரை ஊதி வெளியேற்றுங்கள். மாதம் ஒருமுறை நீண்ட வளையும் பிரஷ்ஷால் உள்ளே கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், லாக்கர் என்ற மேற்பூச்சு உரிந்துவிடும்.